உடற்பருமனும் உழைச்செல்வாரும்

கல்லூரி விழாக்களிலே பழைய மாணவர் ஒன்றுகூடுங்கால் ஒரு காட்சியைத் தவறாது காணலாம். மண்டபச் சுவரிலே தொங்கும் பழைய உதைபந்தாட்டக் குழுவின் நிழற்படத்தின் முன் நால்வர் ஐவர் கூடி நின்று தம்மைத் தாமே தேடுவர். படத்தில் நிற்கும் இளைஞன் மூங்கிற் கழிபோல் நெடுத்து மெலிந்தவன். படத்தின் முன் நிற்பவரோ பூட்டிய சட்டைக்குள் அடங்க மறுக்கும் வயிற்றினர். முதலில் நகைப்பு எழும். சிறிது நேரத்தில் நகைப்பு அடங்கி, “உமக்குச் சீனி எவ்வளவு? அழுத்தத்துக்கு எந்த மாத்திரை?” என்னும் வினாக்கள் எழும். பின்னர், படத்தில் இருந்து இன்று நம்மிடை இல்லாதோர் இருவர் மூவரின் பெயர்கள் தாழ்ந்த குரலிற் சொல்லப்படும். அத்தாழ்ந்த குரலே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

உடல் எடையைக் குறைக்க விரும்பும் நம்மவர் பலர் இன்று இணையவழிக் குழுக்களை நாடுகின்றனர். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் அத்தகைய குழுக்கள் எண்ணிறந்தன. அவற்றுள் எதனை நம்பிச் சேர்வது, எதனை விட்டு விலகுவது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், எடை மிகுதி என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். ஒருவரின் எடையைக் கிலோகிராமிற் கொண்டு, மீற்றரில் அளந்த அவரது உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டி எனப்படும். பொதுவாக 25 என்னும் எண்ணைக் கடந்தோரே எடை மிகுந்தோர் எனக் கொள்ளப்பட்டு வந்தனர். ஆனால், ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் தொடங்கிவிடுகின்றன என்பதனை உணர்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 23 ஐ எச்சரிக்கை எல்லையாகவும் 27.5 ஐ மிகுந்த ஆபத்தின் எல்லையாகவும் கொள்ளலாம் என 2004 ஆம் ஆண்டு வெளியான அறிக்கையிற் கூறிற்று. ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவான, அஃதாவது 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 75 கிலோ நிறையுடையராயின், அவர் அந்த இரண்டாம் எல்லையிலே நிற்கிறார். அவரை நாம் “நல்ல உடம்பு” என்று பாராட்டியிருப்போம்! இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரையும் மகளிர்க்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டுமாயின் அதுவும் எச்சரிக்கையே. இலங்கையின் வளர்ந்தோருள் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ உண்டு என 2008 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று கூறியதனையும் ஈண்டு நினைத்தல் தகும்.

அச்சம் ஒருபுறமிருக்க, ஆறுதலும் உண்டு. அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2002 இல் முடிவு வெளியான பேராய்வு ஒன்று, எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பதனையும் வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடப்பதனையும் இலக்காகக் கொண்டோரிடையே நீரிழிவு தோன்றுதல் 58 சதவீதம் குறைந்ததெனக் காட்டிற்று. நாம் மேலே கூறிய 75 கிலோக்காரருக்கு ஏழு பங்கு என்பது ஐந்தேகாற் கிலோ மட்டுமே. நிழற்படத்து இளைஞனாக மீண்டும் மாறவேண்டுவதில்லை. ஐந்து கிலோ போதும்.

அங்ஙனமாயின் இவ்வைந்து கிலோவைக் குறைத்தல் ஏன் இத்துணை அரிதாகின்றது? அறியாமையே காரணம் என்று கூறவியலாது. சீனியும் பணிசும் பொரியலும் தீங்கென்பதை அறியாதார் இலர். அறிந்ததை நாள்தோறும் செய்தலே அரிது. தனித்து நின்று செய்தல் அதனினும் அரிது.

இவ்விடத்தே திருவள்ளுவரை நினையாதிருத்தல் இயலாது. திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயரினது. முன் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டா என்னும் கருத்தை அதிலே வற்புறுத்திய அப்பெரியார், அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றார். நோயுற்றவன், வைத்தியன், மருந்து, உழைச்செல்வான் என்பனவே அந்நான்கு. உழைச்செல்வான் என்பான் நோயாளியின் அருகிருந்து துணைசெய்பவன். நோயாளியின் பக்கத்திலே ஒருவர் இருத்தல் மருத்துவத்தின் கால்பங்கு என்று கொண்ட நுட்பம் வியத்தற்குரியது. எடை குறைப்போர்க்கான குழுவும் இந்த நான்காம் கூற்றைச் சேர்ந்ததே. அது தன் இடத்தை அறிந்து நிற்குமாயின் பெருநன்மை தரும். வைத்தியனது இடத்தையோ மருந்தினது இடத்தையோ கவர முற்படுமாயின் கேடு தரும். இனிக் கூறப்படுவன அனைத்தும் இவ்வொரு கருத்தின் விரிவே.

எடை குறைப்போர் குழுவாகக் கூடுதல் இணையத்துக்கு முற்பட்ட வழக்கம். அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலே எஸ்தர் மான்ஸ் என்னும் பெண்மணி 1948 இல் அத்தகைய கழகமொன்றைத் தொடங்கினார். 1961 இல் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நிடெட்ச் என்பார், நகரச் சுகாதார நிலையத்திற் பெற்ற உணவுத் திட்டத்தைத் தனித்துக் கைக்கொள்ளமாட்டாது, தம் தோழியர் சிலரை வீட்டுக்கு அழைத்து, மறைவில் தாம் உண்ட இனிப்புப் பண்டங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். வந்தவர்களும் தத்தம் மறைவுகளைக் கூறினர். அச்சிறு கூட்டமே 1963 இல் ‘வெயிற் வாச்சர்ஸ்’ என்னும் நிறுவனமாயிற்று. உணவுத் திட்டத்தைத் தந்தது சுகாதார நிலையம். அதனைக் கைவிடாதிருக்கச் செய்தது தோழமை. உழைச்செல்வாரின் பணி இன்னதென்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதனை ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. 1999 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிலே, தனியே வந்து பயிற்சி பெற்றோருள் 76 சதவீதத்தினர் அதனை நிறைவு செய்தனர். மூன்று நண்பரோடு சேர்ந்து வந்து, ஒருவருக்கொருவர் துணைசெய்யும் பயிற்சியும் பெற்றோருள் 95 சதவீதத்தினர் நிறைவு செய்தனர். பயிற்சி முடிந்து ஆறு மாதங்களின் பின்னரும் குறைத்த எடையை முழுமையாகக் காத்தோர் முன்னையோருள் 24 சதவீதம். பின்னையோருள் 66 சதவீதம். 2011 இல் வெளியான பிறிதோர் ஆய்வு, ஜேர்மனி, அவுஸ்திரேலியா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் 772 பேரைக் கொண்டு நிகழ்ந்தது. வைத்தியரின் வழக்கமான அறிவுரையோடு நின்றோர் ஓராண்டிற் சராசரி இரண்டேகாற் கிலோவும், வாரந்தோறும் கூடும் குழுவுக்கு அனுப்பப்பட்டோர் ஐந்து கிலோவும் குறைந்தனர். அவ்வாய்வுக்கு நிதி அளித்தது குழுவை நடத்திய நிறுவனமே என்பதனையும் உடன் அறிந்துகொள்ளல் நேர்மையாகும்.

இனி, இணையத்தை நோக்குவோம். நம் பழைய மாணவர் கல்முனையிலும் கொழும்பிலும் மட்டுமன்றி, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளைகுடா நாடுகளிலும் சிதறி வாழ்கின்றனர். வாரந்தோறும் ஒரு மண்டபத்தில் அவர்கள் கூடுதல் இயலாது. கைத்தொலைபேசியோ அனைவரிடத்தும் உண்டு. தொலைபேசி வழியே வரும் சிறு செய்தியும் பயன் தரும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உள்ளது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு வைத்திய நிபுணர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2013 இல் வெளியான ஆய்வில், நீரிழிவு வரும் நிலையிலிருந்த 537 தொழில்புரி ஆடவருள் ஒரு சாராருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் இடையறாது அனுப்பப்பட்டன. இரண்டாண்டுகளில், செய்தி பெறாதோருள் 27 சதவீதத்தினர்க்கு நீரிழிவு தோன்றிற்று. பெற்றோருள் 18 சதவீதத்தினர்க்கே தோன்றிற்று.

தமிழிலேயே இயங்கும் முகநூற் குழுக்களுள் நியாண்டர் செல்வன் என்பவர் தொடங்கிய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ பலரும் அறிந்தது. ‘பேலியோ’ என வழங்கும், தானியத்தையும் சீனியையும் விலக்கி இறைச்சி, முட்டை, பாதாம், காய்கறி முதலியவற்றைக் கொள்ளும் உணவுமுறையை அது பரப்பிற்று. அதிலிருந்து கற்கவேண்டியவை இரண்டு. தம் சொந்த மொழியிலே, தம் சமையலறைச் சொற்களிலே பேசக்கிடைத்த இடத்துக்கு மக்கள் திரண்டு வந்தனர் என்பது ஒன்று. உணவு அட்டவணை கேட்போரிடம் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கும் வழக்கத்தை அது கொண்டிருந்தது என்பது மற்றொன்று. ஆயினும், அத்தகைய உணவுமுறையின் நீண்டகாலப் பயன் குறித்து வைத்தியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிறுநீரக நோயுடையார், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வார், கருவுற்ற மகளிர் ஆகியோர் வைத்தியரைக் கேளாது அதனை மேற்கொள்ளல் தகாது.

ஏன் தகாது என்பதனை யான் நூலறிவாற் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பரொருவர் என்னை ஒரு வட்ஸ்அப் குழுவிற் சேர்த்துவிட்டார். இருவேளை உணவை நிறுத்தி, அவர்கள் விற்கும் மாவைக் கரைத்துக் குடித்தால் மாதத்திற் பத்துக் கிலோ குறையும் என்பதே அங்கு ஓதப்பட்ட மந்திரம். அப்பொழுது யான் நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வந்தேன். “மாத்திரை எடுப்பவர் இதனைச் செய்யலாமா?” என ஒருமுறை வினவினேன். விடையாக, மலர்ச்சிரிப்புப் படங்கள் நான்கும், “நம்பிக்கை வையுங்கள் சேர்” என்னும் வாக்கியமும் வந்தன. ஆறாம் நாள், நான்காம் பாடவேளையிலே, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கை நடுங்கிற்று, உடல் வியர்த்தது, எழுத்துக்கள் மங்கின. யான் கீழே விழுந்ததாகப் பின்னர் அறிந்தேன். மாணவன் ஒருவன் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிச் சீனி மிகக் கரைத்த தேநீர் கொணர்ந்து பருக்கினான்.

நிகழ்ந்தது இதுவே: யான் உட்கொண்ட மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரப்பிக்கும் வகையினது. உண்ட சோற்றிலிருந்து வரும் சீனியை எதிர்பார்த்து அது தன் தொழிலைச் செய்யும். சோறு வாராதவிடத்தும் அது தன் தொழிலை நிறுத்துவதில்லை. இரத்தத்தில் இருக்கும் சீனியையே குறைத்துவிடும். உணவைக் குறைக்குமுன் மருந்தின் அளவையும் குறைக்கவேண்டுமா என வைத்தியரிடம் கேட்டிருந்தால், ஒரு வகுப்புப் பிள்ளைகள் தம் ஆசிரியர் தரையிற் கிடப்பதைக் கண்டு அழுதிரார். இன்சுலின் ஊசி ஏற்றுவோர்க்கும் இவ்வாபத்து உண்டு. அன்று மாலையே அக்குழுவினின்றும் நீங்கினேன்.

அவ்வனுபவத்தின் பின்னர், குழுக்களை ஆராய்வதற்கு எனக்கென ஆறு வினாக்களை வகுத்துக்கொண்டேன். ஏனையோர்க்கும் பயன்படுமென அவற்றை இங்குத் தருகின்றேன்.

முதலாவது, குழுவை நடத்துவோர் யாவர்? அவர்கள் விற்பது யாது? மா, தேயிலை, பட்டி, மாத்திரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை வாங்கினாலன்றி அங்கு இடமில்லையாயின், அது குழுவன்று, கடை. கட்டணம் பெறுதல் தன்னளவிற் குற்றமாகாது. எதற்காகப் பெறுகின்றனர் என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வைத்தியரைப் பற்றி அங்கு யாது பேசப்படுகின்றது? “முதலில் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்” என்னும் சொல் அடிக்கடி எழுமாயின் நன்று. “மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள்” என்னும் சொல் எழுமாயின், அக்கணமே விலகுதல் நன்று.

மூன்றாவது, எத்துணை விரைவை வாக்களிக்கின்றனர்? வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைதலே பொதுவாகத் தகுந்த வேகம் எனக் கொள்ளப்படும். மாதத்திற் பத்துக் கிலோ என்போர் கூறுவது ஆசை வார்த்தையே.

நான்காவது, அவர்கள் கூறும் உணவு நம் அடுப்பிலே வேகுமா? நெல் வயல் சூழ்ந்த சொறிக்கல்முனையில் வாழ்பவனிடம், நம் சந்தையிற் காணாத பழத்தையும் விலையுயர்ந்த எண்ணெயையும் வாங்கச் சொல்லும் திட்டம் ஒரு மாதம் நில்லாது. சோற்றின் அளவைக் குறைத்து, கோப்பையின் பாதியை முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, கத்தரி, புடோல் முதலியவற்றால் நிரப்பி, வாவி மீனைப் பொரியாது ஆணமாக்கி, தேநீரிற் சீனியை நீக்கச் சொல்லும் திட்டமே நிலைக்கும். நம் ஊர்களின் காலக்கணக்கும் அதிற் பொருந்துதல் வேண்டும். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வாழும் நம் முஸ்லிம் நண்பர்க்கு நோன்பு மாதம் உண்டு. கத்தோலிக்கர்க்குத் தவக்காலம் உண்டு. நமக்கு வைகாசிக் கண்ணகியம்மன் குளிர்த்தி உண்டு. நோன்பு திறக்கும் வேளையையும் கலியாண வீட்டு விருந்தையும் கணக்கிற் கொள்ளாத குழு, ஆண்டிற் பாதிநாள் நமக்கு உதவாது.

ஐந்தாவது, நம் அந்தரங்கம் அங்குப் பாதுகாக்கப்படுமா? பல்லாயிரவர் உறையும் குழுவிலே நம் இரத்தப் பரிசோதனைத் தாளையும் உடலின் நிழற்படத்தையும் இடுதல், அவற்றைச் சந்தி மதிலில் ஒட்டுதல் போன்றதே. மகளிர் சிறப்பாக இதனைக் கருதவேண்டும். மகளிர்க்கு மட்டுமே உரிய, ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவே அவர்க்குப் பெரிதும் ஏற்புடையது.

ஆறாவது, தவறியவனை அங்கு எங்ஙனம் நடத்துகின்றனர்? யான் மிகச் சிறந்ததெனக் கருதும் வினா இதுவே. எடை குறைந்தோரைப் பாராட்டாத குழு உலகில் இல்லை. மூன்று கிலோ குறைத்தவன் நான்கு கிலோ ஏற்றிக்கொண்டு வந்து, “மீண்டும் தவறிவிட்டேன்” என்று சொல்லும்போது அங்கு என்ன விடை வருகின்றது என்று பார்த்தல் வேண்டும். ஏளனம் வருமாயின், அவன் அடுத்த முறை பொய் கூறுவான். அதற்கடுத்த முறை வாரான். “நேற்று இரவு என்ன நிகழ்ந்தது? நாளை காலை எங்கே நடப்போம்?” எனக் கேட்பவரே உண்மையான உழைச்செல்வார்.

இவ்வினாக்களுக்கு விடை காண அவசரம் வேண்டா. சேர்ந்தவுடன் பேசாது, இரண்டு வாரம் வாய்மூடிப் பிறர் எழுதுவதைப் படித்தலே தக்கது. வள்ளுவரும் ‘நட்பு’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘நட்பாராய்தல்’ என்னும் அதிகாரத்தை வைத்தனரன்றோ?

தக்க குழு கிடையாதாயின் யாது செய்வது? நாமே அமைத்தல் வேண்டும். பழைய மாணவர் ஒவ்வொரு வகுப்பாண்டுக்கும் ஒரு வட்ஸ்அப் குழு இன்று உண்டு. காலை வணக்கப் படங்களும் அரசியற் சண்டைகளும் நிறைந்த அக்குழுவிலேயே இதனையும் நடத்த முற்படல் பயனற்றது. அதிலிருந்து விரும்பிய ஆறுபேர் முதல் பத்துப்பேர் வரை பிரிந்து தனிக்குழு அமைக்கலாம். நானும் உடனாசிரியர் ஐவரும் அங்ஙனமே செய்தோம். எங்கள் விதிகள் சில: ஞாயிறு காலை அனைவரும் எடை நிறுத்து எண்ணை மட்டும் எழுதவேண்டும். எண் ஏறினும் எழுதவேண்டும். எவரும் எவர்க்கும் மருந்து கூறலாகாது. எப்பொருளையும் விற்கலாகாது. உருவத்தைக் கேலி செய்யலாகாது. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடத்தல் வேண்டும். ஐந்து அரைமணி கூடின், மேலே கூறிய 150 நிமிடம் ஆகும். ஒருவர் மூன்று நாள் எழுதாவிடில், மற்றொருவர் அவரைத் தொலைபேசியில் அழைக்கவேண்டும். எங்களுள் எவரும் அதிசயம் நிகழ்த்தவில்லை. முதலாண்டில் யான் குறைத்தது ஆறு கிலோ; அடுத்த ஆண்டில் இரண்டு கிலோ ஏறிற்று; அதனையும் ஞாயிறு காலையில் எழுதினேன்.

குழு தொடங்குமுன் வைத்தியரைக் காணச் செலவு மிகும் என அஞ்சவேண்டியதில்லை. 2011 ஆம் ஆண்டு தொடக்கம் சுகாதார அமைச்சு அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை நிறுவி வந்துள்ளது. அங்கு எடை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தத்துச் சீனி ஆகியன இலவசமாகப் பரிசோதிக்கப்படும். முப்பத்தைந்து வயதைக் கடந்த பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அங்குச் செல்லுதல் கடமையாகும். வைத்தியரைக் கண்டு, மருந்தை அறிந்து, அதன் பின்னரே தோழரைத் தேடுக. நால்வகைக் கூறும் அப்பொழுதே நிறைவுறும்.

மாணவர்க்கும் ஒரு சொல். பருமனான தோழனுக்குப் பட்டப்பெயர் சூட்டி அழைத்தல் பள்ளிக்கூட வழக்கமாகிவிட்டது. அப்பெயர் அவனை மெலியச் செய்வதில்லை. விளையாட்டு மைதானத்திலிருந்து விலகச் செய்கின்றது. அவனை உங்கள் ஆட்டத்திற் சேர்த்துக்கொள்ளுங்கள். உழைச்செல்வாராகும் பயிற்சி அங்கே தொடங்கட்டும்.

கல்லூரி நமக்குத் தந்த செல்வங்களுள் பெரியது தோழமை. பரீட்சைக் காலத்தில் ஒரு விளக்கைச் சுற்றியிருந்து ஒருவரையொருவர் உறங்கவிடாது படித்த நாம், நடுவயதில் ஒருவரையொருவர் நோயில் விழவிடாது காத்தல் அரிதன்று. இவ்விழா முடிந்து வீடு திரும்புமுன், தம் வகுப்புத் தோழருள் ஐவரின் தொலைபேசி எண்களை ஒவ்வொருவரும் குறித்துச் செல்வாராக. வருகின்ற ஞாயிறு காலையிலேயே முதல் எண்ணை எழுதுவாராக. அடுத்த விழாவில் அனைவரும் நலமே கூடுவோமாக.